பட்டுப்போன கிளை

சென்னைக்கு மூன்றே பருவம், வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று ஒரு பழைய கேலி உண்டு. அதைச் சொன்னவர் பத்தாவது மாடியில் குடியிருந்திருப்பார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் கொஞ்சம் மண் தரையோடு வீடு வாய்த்தவர்களுக்கு, மாசி பிற்பகுதியிலிருந்து பங்குனி நடுவரை இன்னொரு பருவம் வந்துபோவது தெரியும். பஞ்சாங்கப்படி இது பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் பிறக்க வேண்டும். ஆனால் சித்திரை பிறக்கும்போது இங்கே வசந்தம் முடிந்தே போயிருக்கும். விடியற்காலையில் வண்டி சீட்டைத் துடைக்க வைக்கும் பனி, பதினோரு மணிக்கு மண்டையைப் பிளக்கும் வெயில், இரண்டும் ஒரே நாளில் கிடைக்கிற சில வாரங்கள்தான் எங்கள் வசந்தம்.

முதலில் புங்கை. மாசியில் மொத்த இலையையும் கொட்டிவிடும். மரம் பட்டுவிட்டதோ என்று கவலைப்படுவதற்குள் பளபளக்கும் இளம்பச்சைத் தளிரோடு நிற்கும். பிறகு அதன் பூ, பொரியை இறைத்தது போலத் தெருவெல்லாம் கிடக்கும். அடுத்தது வேம்பு. செம்பு நிறத் தளிர் பச்சையாகி, பங்குனியில் பூக்கும். அப்போது மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைக்கும் வீடுகள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பூ காய்ந்து ரசத்துக்கும் வருஷப் பிறப்புப் பச்சடிக்கும் போகும். மா தை மாதமே பூத்துவிட்டது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் மாவடு வந்து இறங்கிவிட்டதா என்று என் மனைவி விசாரிக்கத் தொடங்கினால், எனக்கு அதுவே பருவ அறிவிப்பு. கல்யாண முருங்கைக்கு ஓர் இலைகூட இருக்காது. உடம்பெல்லாம் சிவப்புப் பூ. மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் அதில் அடித்துக்கொள்ளும்.

இதே வாரங்களில் தெருவில் அதிகம் கேட்கும் பேச்சு, "ஒரே குப்பை" என்பதுதான். இலை கொட்டுகிறது என்பதற்காகவே மரத்தை வெட்டிய வீடுகளை நான் அறிவேன். வாசலிலிருந்து பின்சுவர் வரை சிமென்ட் போட்டு, அதன்மேல் டைல்ஸ் ஒட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்து, பிறகு "இப்பல்லாம் குருவியே வர்றதில்ல சார்" என்று என்னிடமே வருத்தப்படுவார்கள். குருவி எங்கே வந்து உட்காரும்? டைல்ஸில் என்ன பொறுக்கும்?

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பெரிய இடமில்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு தென்னை, மதிலோரம் வாரப்படாத இலைச் சருகு. அந்தச் சருகுதான் இந்த இடத்திலேயே அதிக நடமாட்டமுள்ள பகுதி. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டும். யாரோ பாகப்பிரிவினை பேசுவது போலச் சத்தம் போடும். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் இந்தச் சருகை நம்பித்தான் வருகிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும் பறவை அது. பச்சை முதுகு, நீலத் தோள்பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு கண்ணில் படாமல் நடந்து திரியும். காலையும் மாலையும் அது விசிலடிக்கும்போதுதான் இருப்பதே தெரியும். கோடை முற்றுவதற்குள் வடக்கே கிளம்பிவிடும். மதிலோரத்தைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தால் எங்கள் வீட்டில் இறங்கியிருக்காது.

சருகு என்றால் பாம்பு வருமே என்பார்கள். வரும். பெரும்பாலும் சாரை, எலியைத் தேடி வருவது. சேலையூருக்கும் பாம்புக்கும் பழைய உறவு வேறு இருக்கிறது. கிண்டியில் 1972-ல் பாம்புப் பண்ணை அமைவதற்கு முன், ராமுலஸ் விட்டேகர் தன் முதல் பண்ணையைச் சேலையூரில்தான் வைத்திருந்தார். அதற்காகக் கண்ணாடிவிரியனை விருந்தாளியாகக் கருதச் சொல்லவில்லை. இருட்டில் டார்ச் இல்லாமல் பின்பக்கம் போவதில்லை, சருகில் வெறுங்கையை விடுவதில்லை. அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

முருங்கைக்கு வருகிறேன். அதில் ஒரு கிளை பட்டுப்போய் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்க்கும்போதெல்லாம், "அதை வெட்டிடுங்கோ, வீட்டுக்கு ஆகாது" என்பார். தேங்காய் பறிக்க அகரம்தென் பக்கத்திலிருந்து வருபவரிடம் அரிவாளைக் கொண்டுவரச் சொன்னதும் அவரேதான். வந்தவர் கிளையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள குருவி பொந்து போட்டுக்குது சார். இப்ப வெட்டாதீங்க" என்றார். கிளையின் அடிப்பக்கத்தில், காசு வைத்து வரைந்தாற்போல வட்டமாக ஒரு துளை. செம்மார்புக் குக்குறுவானின் வேலை. பாத்திரக் கடையில் தட்டுவது போல டொக், டொக் என்று வெயிலில் ஓயாமல் கேட்கிறதே, அந்தக் குரலுக்கு உரியது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பறவை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. இதன் அலகுக்குப் பச்சை மரத்தைக் குடையும் அளவு வலுவில்லை. உளுத்த, மென்மையான கட்டைதான் வேண்டும். முருங்கையில் பட்ட கிளை என்பது அதற்குக் கட்டி முடித்த வீடு மாதிரி. அது விட்டுப்போன பொந்தில் பிறகு வேறு பறவைகளும் குடியேறலாம். பட்டதை எல்லாம் உடனே வெட்டிச் சாய்க்கும் தோட்டக்காரர் எவ்வளவு பணம் கொடுத்து மரக்கூண்டு வாங்கி மாட்டினாலும் இந்தக் குடித்தனம் கிடைக்காது. பெரியவர் இன்னும் சமாதானமாகவில்லை. "குஞ்சு பறந்ததும் வெட்டிடுவேளோல்லியோ?" என்று தேதி கேட்கிறார்.

இப்படி வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைப் பற்றி எழுதுவதற்கு நம் ஊரில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூரில் இருந்துகொண்டு, ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தியை 1996 பிப்ரவரியில் மறையும்வரை 46 ஆண்டுகள் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். யானையைப் படமெடுத்த அதே கவனத்தோடு காக்கையையும் அணிலையும் பார்த்தவர். அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதைக் கடைசிவரை எதிர்த்தவரும்கூட. எங்கள் பகுதியில் புதிதாக முளைக்கும் வீட்டுமனைத் திட்டங்களின் நுழைவாயிலில் வரிசையாக நிற்கும், பூச்சிகூட உட்காராத அலங்காரப் பனைகளைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கேயே நல்ல முன்மாதிரி ஒன்றும் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது அதற்குக் கிடைத்தது 365 ஏக்கர் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிசும் அங்கே மரம் வளர்ப்பதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். மரம் வளர்ந்தது, புதரும் முழுக்க அழியாமல் மிஞ்சியது. புள்ளிமான் இன்றும் திரிகிறது. மாசியில் அந்த வளாகத்துக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கிக்கொண்டே வரும். யாரும் அதைக் குப்பை என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதிர்ப்பக்கம் போவேன். மாடம்பாக்கம் தாண்டி அகரம்தென், கோவிலாஞ்சேரி, மப்பேடு. அடுக்குமாடி விளம்பரப் பலகைகளுக்கு நடுவே வயல் இன்னும் இருக்கிறது. சம்பா அறுத்து வைக்கோல் கட்டு ஏற்றிப் போயாயிற்று. கிணறோ ஏரித் தண்ணீரோ உள்ளவர்கள் நவரை போட்டிருக்கிறார்கள். அது இப்போது நல்ல பச்சை. மேயும் மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு, முதுகில் கரிச்சான். கொக்கின் தலையில் மஞ்சள் கலந்த செம்மை ஏறத் தொடங்கியிருக்கிறது. கூடு கட்டும் காலம் நெருங்குகிறது என்று அர்த்தம். டீக்கடையில் பேச்சு தண்ணீரைப் பற்றியும் சென்ட் விலையைப் பற்றியும்தான். இரண்டாவது பேச்சு வரவர நீளமாகிறது.

உழவு நின்று மனைக்கல் நட்ட வயல்களில்கூட ஒரு குடித்தனம் நடக்கிறது. ஆட்காட்டிக் குருவி வெட்டவெளித் தரையில், சிறு கற்களுக்கு நடுவே முட்டையிடும். பெரும்பாலும் நாலு. மண் நிறம், கறுப்புப் புள்ளி. மிதிக்கப்போகும் கணம்வரை கண்ணுக்குத் தெரியாது. ஆள் நெருங்கினால் தாயும் தகப்பனும் தலைக்குமேல் சுற்றிக் கத்தும். வெயில் ஏறியதும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். மஞ்சள், சிவப்புக் கொடி நட்டு, "பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்" என்று எழுதிய பலகைக்கு அடியில் இது நடப்பதை ஒருமுறை பார்த்தேன். மனை பார்க்க வந்த குடும்பம், பறவை எதற்கு இப்படிக் கத்துகிறது என்று தரகரைக் கேட்டது. "இயற்கையான சூழல் மேடம்" என்றார் அவர். பொய் என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது செம்பாக்கம் ஏரிக் கரையில் நிற்பதுண்டு. தண்ணீர் இறங்கும் விளிம்பில் நத்தைக்குத்தி நாரைகள். நீலத்தாழைக்கோழி ஓரத்துக் கோரைக்குள் நடக்கிறது. கூழைக்கடா இரண்டு மூன்று மிதக்கும். சாக்கடை நாற்றமும் சேர்ந்துதான் வரும். அதைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

குயிலைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பருவத்தைப் பற்றி எழுதியதாகாது. விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. தூக்கம் போகிறது என்று குறைப்படுபவர்களும் இருக்கிறார்கள். கூவுவது ஆண், கறுப்பு, சிவந்த கண். பெண்ணுக்கு உடம்பெல்லாம் புள்ளி. அது கூவாது, கிக்கிக்கி என்று விரட்டப்பட்டவள் குரலில் கத்தும். இந்தக் காதல் பாட்டுக்கெல்லாம் முதலீடு செய்வது காக்கை. அதுவும் இதே பங்குனியில்தான் கூட்டுக்கு அடி போடுகிறது. குச்சி கிடைக்காத இடத்தில் கட்டுக்கம்பி, ஒயர், துணி உலர்த்தும் ஹேங்கர் எதுவும் சரி. ஆண்குயில் காக்கைகளைச் சீண்டித் துரத்த வைக்கும். அந்த நேரத்தில் பெண்குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சில நாள் முந்திப் பொரிவதால், வாயைத் திறந்து முதலில் சோறு கேட்பதும் அதன் குஞ்சுதான்.

எங்கள் தென்னையில் இந்த வருஷம் காக்கைக் கூடு, மொட்டை மாடிக்கு மிகச் சமீபமாக. முட்டையிட்ட நாளிலிருந்து குஞ்சு பறக்கும்வரை மாடிக்கு ஏறுகிறவர் தலையில் கொத்துவது காக்கையின் வழக்கம். என் மனைவிக்கோ பங்குனி வெயிலில் கூழ் வடகம் போட்டாக வேண்டும். "குடை புடிச்சிண்டு நீங்க நில்லுங்கோ, நான் பிழியறேன்" என்பது ஏற்பாடு. பெரியவர் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, தென்னை மட்டையையும் சேர்த்து வெட்டிவிடலாமே என்றார்.