கல்லீரலும் கைநாட்டும்



கல்லீரல் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிற உறுப்பு. நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாக ஓடுகிறது. இருதயம் தள்ளுகிற ரத்தத்தில் கால் பங்கு. அதில் கட்டி வந்து, அந்தப் பகுதியை அறுத்தெடுக்க வேண்டுமென்றால் வைத்தியருக்கு முதல் பயம் ரத்தம்தான். எவ்வளவு போகும், எத்தனை பாட்டில் ஏற்றணும், யார் கொடுப்பாங்க? நமக்கும் அதே பயம். ஆபரேஷன் என்றதும் சேரியிலிருந்து நாலு பயல்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறோமே, அது இதற்குத்தான்.

ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து உண்டு. பழைய மருந்து, விலையும் மலிவு. பிரசவத்தில் ரத்தம் போகிற பெண்களுக்கு இதை உடனே கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது என்று 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த சோதனை 2017ல் காட்டியது. பிரசவத்துக்கு ஆகிற மருந்து கல்லீரலுக்கும் ஆகும் என்று நம்பிய வைத்தியர்கள் உண்டு. நம்பினால் போதுமா? 2014 முதல் 2022 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் 11 மருத்துவமனைகளில், புற்றுநோய்க்காகக் கல்லீரல் அறுவை செய்துகொண்ட 1,245 பேரிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 2024ல் முடிவு வெளிவந்தது. மருந்து வாங்கியவர்களில் 16.3 சதவீதம் பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. உப்புநீர் வாங்கியவர்களில் 14.5 சதவீதம். பயனில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் மருந்து வாங்கியவர்களிடமே கூடுதல்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவச் சோதனை என்றாலே ஏழையை எலியாக்குவது என்று நம்மில் பலர் பேசுகிறோம். மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் சோதனை நடக்காமல் போயிருந்தால், பயனில்லாத ஒரு மருந்தை நல்லெண்ணத்தோடு நம் நரம்பில் ஏற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். சோதனையே வேண்டாம் என்பது நம் உடம்பை வைத்தியரின் ஊகத்துக்கு விட்டுக்கொடுப்பது. நம் கேள்வி வேறு. யார் உடம்பில்? யாரைக் கேட்டு? பலன் யாருக்கு?

கல்லீரல் பற்றிய அறிவுக்கே ஒரு கறை உண்டு. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற இடத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான அரசு விடுதி இருந்தது. 1956ல் தொடங்கி பதினைந்து வருஷம் போல அங்கே பிள்ளைகளுக்கு மஞ்சள்காமாலைக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தார்கள். எப்படியும் அங்கே இருக்கிற பிள்ளைக்கு அந்த நோய் வரத்தானே போகிறது என்பது அவர்கள் சொன்ன நியாயம். பெற்றோர் கையெழுத்தும் வாங்கினார்கள். எப்படி? 1964ல் விடுதி நிரம்பி வழிந்து சேர்க்கையை நிறுத்தியபோது, ஆராய்ச்சிப் பிரிவில் மட்டும் இடம் இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொன்னார்கள். பிள்ளையை வைத்துப் பார்க்க வேறு வழியில்லாத தாய் என்ன செய்வாள்? போட்டாள் கையெழுத்து. அந்த ஆராய்ச்சியால் மஞ்சள்காமாலையில் இரண்டு வகை உண்டு என்று தெளிந்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு வழி பிறந்தது. இன்றைக்கு நம் பிள்ளைக்கும் அந்த ஊசி கல்லீரலைக் காக்கிறது. அறிவு உண்மை. அநியாயமும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது.

நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2009ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைச் சிறுமிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நிறையப் பேர் ஆதிவாசிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆந்திராவில் பரிசீலிக்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர் கையெழுத்து! ஆந்திராவும் குஜராத்துமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். சாவுக்கு ஊசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. இருக்கட்டும். பெற்ற தாய்க்குத் தெரியாமல் வார்டன் எப்படிக் கையெழுத்துப் போட்டான் என்ற கேள்வி சாகவில்லை. தொட்டால் தீட்டு என்று தள்ளி வைத்த உடம்பு சோதனைக்கு மட்டும் தீட்டில்லையா?

எனக்குச் சோறு போடுவது வங்கிக் கவுண்டர். தினமும் கைநாட்டு பார்க்கிறவன் நான். கடன் பத்திரத்தை விரித்ததும் நம்ம சனம் கேட்கிற முதல் கேள்வி, "எங்க சார் வைக்கணும்?" என்பதுதான். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் அய்யா கோவிச்சுக்குவாரோ, கடன் இல்லாமப் போயிடுமோ என்கிற பயம். தலைமுறை தலைமுறையாக அடித்து ஏற்றிய பயம் அது. கடன் பத்திரத்துக்கே இப்படியென்றால் உயிர்ப் பத்திரத்துக்கு?

என் சித்தப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி. நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தாள்கட்டு கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு ஒன்று, மயக்க மருந்துக்கு ஒன்று, ஆராய்ச்சிக்கு ஒன்று. தமிழில்தான் இருந்தது. என்ன தமிழ்! "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்." படிக்கக் கேட்ட சித்தப்பா, "ஒதுக்கீடா? இங்கயும் எஸ்.சி. கோட்டா உண்டாப்பா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி. புது முறையா பழைய முறையான்னு கம்ப்யூட்டர் சொல்லும். எது நல்லதுன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாது. அதுக்குத்தான் சோதிக்கிறாங்க."

"வேணாம்னு சொன்னா?"

"வழக்கமான ஆபரேஷன் நடக்கும்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

நாலாம் பக்கத்தில், அடியில் எழுதியிருந்தது. ராத்திரி யோசித்துவிட்டுக் காலையில் சம்மதித்தார். அது அவர் முடிவு. அதில் எனக்குச் சண்டையில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்குப் படித்துச் சொல்ல யாருமில்லை. அவரும் கைநாட்டு வைத்தார். இரண்டும் ஒப்புதல் என்றே கோப்பில் ஏறும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012ல் உச்சநீதிமன்றம் போனது. 2013ல் விதிகள் இறுகின. ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிய வேண்டும் என்றானது. பிறகு 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளில், நலிந்தவர்களிடம் புத்தம்புது மூலக்கூறைச் சோதிக்கும்போது மட்டுமே வீடியோ கட்டாயம். கல்லீரல் அறுவையிலோ பல சோதனைகள் புது மருந்து பற்றியவை அல்ல. வயிற்றைத் திறந்து அறுப்பதா, துளை போட்டு அறுப்பதா? பழைய மருந்தைப் புது வேலைக்குக் கொடுக்கலாமா? இதற்கெல்லாம் கேமரா வராது.

நஷ்ட ஈட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. சோதனையால் செத்தால் எட்டு லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் நோயின் கடுமைக்கான எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்கணும். இதில் சம்பளம் கணக்கில் வராது. கூலிக்காரன் உயிரும் கலெக்டர் உயிரும் ஒரே விலை என்று எழுதிய சட்டம் இங்கே அபூர்வம், அதைப் பாராட்டுவோம். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று கணிக்கப்பட்டவருக்குக் கடுமை எண் அரை. அறுபத்தைந்து தாண்டியவர் என்றால் நாலு லட்சம். முப்பது நாளில் சாக நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்றால் இரண்டே லட்சம். முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிற நம் சனம் இந்தக் கணக்கில் எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை.

பலன் யாருக்கு? கல்லீரல் புற்றுக்கான சொராஃபெனிப் மருந்தை பேயர் கம்பெனி இங்கே மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றது. 2012ல் கட்டாய உரிமம் கொடுத்ததும் நாட்கோ அதையே சுமார் 8,800 ரூபாய்க்குக் கொடுத்தது. இந்த மருந்தை இந்தியர்களுக்காகச் செய்யவில்லை, வாங்க வசதியுள்ள மேற்கத்திய நோயாளிகளுக்காகச் செய்தோம் என்ற பொருளில் 2013ல் பேயரின் தலைவர் பேசினார். பேச்சுக்குப் பிறகு விளக்கம் வந்தது. ஆனால் மனசில் இருந்ததுதானே வாயில் வந்தது?

என்ன செய்யலாம்? அதே 2019 விதிகளில் நமக்கு உதவுகிற ஒரு வரி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, நடுநிலைச் சாட்சி ஒருவர் முழு நேரமும் உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும். சோதனை நடத்துகிறவர்களுக்குக் கட்டுப்படாத ஆளாக அவர் இருக்க வேண்டும். அந்த வார்டிலேயே சம்பளம் வாங்குகிறவர் எப்படி நடுநிலை ஆவார்? அந்த இடத்தில் நம் பிள்ளைகள் நிற்கட்டும். சேரிக்கு ஒரு பட்டதாரியாவது இன்றைக்கு இருக்கிறான், இருக்கிறாள். ஆபரேஷனுக்குப் போகிறவரோடு ரத்தம் கொடுக்க நாலு பேர் போகிறோம். படித்துச் சொல்ல ஐந்தாவதாக ஒருவர் போகட்டும்.

போகிறவர் கேட்க வேண்டியவை: இது வைத்தியமா, சோதனையா? வேண்டாம் என்றால் கட்டில் பறிபோகுமா? நடுவில் விலகலாமா? ஏதாவது ஆனால் செலவு யாருடையது? சோதனையின் பதிவு எண் என்ன? தாளில் ஒரு பிரதி எங்கே? முடிவு வந்ததும் எங்களுக்குச் சொல்வீர்களா?

பிணவறையில் உடம்பைக் கிழித்துத் தருகிற கை காலங்காலமாக நம்முடையது. அறுவை மேசையில் கிடக்கிற உடம்பும் நம்முடையது. மருத்துவமனை நெறிமுறைக் குழுக்களில் சாதாரணர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த நாற்காலி நம்மவர்களுக்கும் வேண்டும் என்று கேட்போம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.