கூழாங்கல் கதை

பள்ளிக்கூட ஆண்டு விழா எந்த ஊரில் நடந்தாலும், தலைமை வகிக்க வருகிற பிரமுகர் எவராயினும், அவருடைய பிரசங்கத்தின் நடுவில் கிரேக்க தேசத்துப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வந்தே தீருவார். வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பேசியே அவர் திக்குவாயை வென்றார் என்பதும், ஆகவே இன்றும் திக்குகிறவன் முயற்சியற்றவனே என்பதும் கைதட்டலுக்கிடையே ஸ்தாபிக்கப்பட்டுவிடும். 30 வருஷங்களாக இதைக் கேட்டு மனம் புழுங்கியவன் நான்.

கதையின் சரித்திரத்தை முதலில் பார்ப்போம். டெமாஸ்தனிஸ் இறந்தது கி.மு. 322-இல், கூழாங்கல் விஷயத்தை எழுதிவைத்த கிரேக்க ஆசிரியர் புளூடார்க் அவருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் பிற்பட்டவர். அவரும் குறிப்பிடுவது தெளிவில்லாத மழலை உச்சரிப்பைத்தான். தாம் பயின்ற பேச்சுக்கலையின் கிரேக்கப் பெயருக்கு முதலெழுத்தான ரகரமே டெமாஸ்தனிஸுக்கு வரவில்லை என்கிறார் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. ரகரம் வராதது வேறு. சொல்லத் தெரிந்த சொல் தொண்டையில் நின்றுவிடுவது வேறு.

நாக்குத் தடித்திருக்கிறது என்று வசம்பை இழைத்துத் தடவுகிற பாட்டிமார்களின் பரிவை நான் குறை கூறேன். ஆனால் நாக்கின்மேல் பழி சுமத்துவது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிய வேண்டும்: 1841-இல், மயக்க மருந்து வழக்கில் வராத அந்தக் காலத்தில், பெர்லின் நகரத்து ரண வைத்தியர் டீபன்பாக் திக்குகிறவர்களின் நாக்கின் அடிப்பாகத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்தார்.

முயற்சி போதாது என்கிற வாதத்தைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை. என் தம்பி கும்பகோணத்தில் வாசித்த நாட்களில், பாபநாசத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வரப் பஸ் ஏறுவான். கண்டக்டர் எதிரே வந்து நின்றதும் உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், ‘பா’ என்ற ஓரெழுத்து மட்டும் வெளிவராது. பின்னாலிருந்து, “சீக்கிரம் சொல்லுப்பா” என்று ஒரு குரல் எழும். உடனே அவன் “அய்யம்பேட்டை” என்று சொல்லி, ஊரைத் தாண்டிய ஊருக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாபநாசத்திலேயே இறங்கிவிடுவான். வகுப்பில் தன் முறை வருமுன்பே, எந்தச் சொல் மறிக்கும், அதற்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பான். ஒரு நாளில் அவன் பேச்சுக்காகப் பட்ட பிரயத்தனத்தை அந்தப் பிரமுகர்கள் தங்கள் ஆயுளில் பட்டிருப்பார்களா என்பது சந்தேகம். அதே பையன் மார்கழி பஜனையில் தடையின்றிப் பாடினான். கொட்டிலில் கன்றுக்குட்டியிடம் நாழிகைக் கணக்கில் பேசினான். வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யுள் ஒப்பித்தபோது அவன் குரலும் அதனுடன் ஓடிற்று. பாடுபட்டு இழுத்த இடத்தில் நின்ற சொல், பாடுபடாத இடத்தில் தானே வந்தது. இதைக் கண்ணால் கண்ட பிறகும் “இன்னும் முயற்சி செய்” என்று ஒரு குழந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

பயந்த சுபாவமே காரணம் என்பாரும் உண்டு. பயம் திக்கலுக்குப் பின்னால் வருகிறது. பயிற்சியால் குணமான பிள்ளைகளைக் காட்டுவாரும் உண்டு. சிறுவயதில் திக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. திக்கிப் பேசிய இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னரையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அவர் பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோகிடம் பயிற்சி தொடங்கியது 1926-இல். 1939 செப்டம்பர் 3-ஆம் தேதி யுத்தம் மூண்ட செய்தியை வானொலியில் பேசியபோதும் அதே லோக் அந்த அறையில் உடன் நின்றார். 13 வருஷங்களுக்குப் பிறகும் சக்கரவர்த்திக்கு வேண்டியிருந்தது, அவர் சொல்லி முடிக்கும்வரை பதறாமல் நிற்கிற ஒரு மனிதர்.

பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் திக்குகிறார். பிள்ளைகளில் அதைவிட அதிகம். 500 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் விழாப் பந்தலில் ஐந்து பேராவது இருப்பார்கள். டெமாஸ்தனிஸ் என்ற பெயர் ஒலிபெருக்கியில் கேட்டதும் மற்றப் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பி யாரைப் பார்க்கிறார்கள் என்பதை, அடுத்த ஆண்டு மேடையேறுகிறவர் ஒரு கணம் பேச்சை நிறுத்திக் கவனிக்கட்டும்.