பேரைப் போடுவீங்களா?

ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கபிலர், ஔவையார், கம்பர், பாரதியார் எனப் புலவர்கள். பாரி, ஓரி, காரி என வள்ளல்கள். பேருந்து திரும்பத் திரும்ப அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே ஏறுவது பள்ளி நாளிலிருந்து என் பழக்கம். சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து திரும்பியபோது மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவரின் நோட்டு அது. அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியிருக்கிறாள். அத்தனையும் தொழில் சொற்கள், தொழில் பக்குவங்கள். சுண்ணாம்புக் குழியில் கிடக்கும் தோல் எப்போது பதம் என்று கேட்டேன். கட்டை விரலைத் திண்ணையில் அழுத்தித் தள்ளிக் காட்டினார். "இப்படித் தள்ளினா முடி மொத்தமா வழுக்கிக்கிட்டு வரணும் தம்பி. பாதி நின்னுச்சுன்னா இன்னும் ஒருநாள் கிடக்கட்டும்னு விட்டுருவோம்." ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறப்போட்டதையும் கடுக்காய் கொடுத்ததையும் சொன்னார். பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பு வந்த பிறகு தோல் நீலமாக வெளியே வந்ததாம். பட்டைத் தொட்டி போன வழியே அதைச் சுற்றியிருந்த பேச்சும் போய்விட்டது.

இந்தப் பேச்சையெல்லாம் சேர்த்துவைக்க, மலையிலும் அடிவாரத்திலும் இருக்கும் நண்பர்கள் சிலர் ஓர் இணையதளம் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். முன்பு ஒருமுறை வாட்ஸ்அப் குழுவில் இதையே செய்து பார்த்தோம். முதல் மாதம் அருமையான படங்கள் வந்தன. அடுத்த மாதம் காலை வணக்கங்கள் வந்தன. யார் அனுப்பியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒருவரும் குறித்துவைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்த நாங்கள், உள்ளே வந்தவர் உட்கார ஒரு பாய் போட்டு வைக்கவில்லை.

அதனால் இந்த முறை, செய்து காட்டியவர்களிடம் போனேன். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருவது நோக்கம். அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை. கணினியில் தமிழ் எழுத்துருவுக்கே ஒரு பொது முறை இல்லாத காலம். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தார்கள். வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒருவர் கை செய்ததை இன்னொருவர் கண் பார்த்தது. அந்த மின்னூல்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள். நூல் தொடங்கும் முன்பே உள்ளீடு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். இந்த முகப்பை நீக்காமல் யாரும் தாராளமாகப் பரப்பலாம் என்ற குறிப்பும் இருக்கும். உழைத்தவருக்குக் கூலி அந்த இரண்டு வரிதான். அந்தக் கூலிக்குத்தான் இத்தனை ஆண்டு ஆள் வந்துகொண்டிருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதிச் சேர்த்தார். 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. முகம் தெரியாதவர்கள் எழுதுவதை எப்படி நம்புவது என்ற கேள்விக்கு அங்கே இரண்டு ஏற்பாடுகள். சான்று கேட்கிறார்கள். அத்துடன், ஒரு பக்கத்தில் யார் எப்போது எதை மாற்றினார் என்பது வரலாறாக அப்படியே நிற்கிறது. தவறு நுழைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எங்களுக்கு இது மிகவும் தேவை. ஏனென்றால் எங்கள் பகுதியின் கதையில் சண்டை உண்டு. தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. யார் வீட்டுக் கிணறு எந்த ஆண்டு உப்புக் கரித்தது என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். அந்தத் தொழிலில் மூன்று வேளைச் சோறு உண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் கதையும் அதே தெருவில் இருக்கிறது. இரண்டும் வர வேண்டும். ஒன்றை அழித்து இன்னொன்றை எழுத இடம் கூடாது. சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் இருந்தால் இரண்டு கதைகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இன்னொன்றும் புரிந்தது. 'ஏலகிரி வரலாறு எழுதித் தாருங்கள்' என்றால் யாரும் தரமாட்டார்கள். சாமை விதைக்க எந்தக் குறி பார்ப்பீர்கள், உங்கள் ஊர்ப் பலாவுக்கு என்ன பெயர், சாலை வருமுன் சந்தைக்கு எந்த வழியாக இறங்கினீர்கள் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். கேள்வி சிறியதாக இருந்தால் கொடுப்பவர் கூச்சப்படமாட்டார். எழுதத் தெரியாதவர் பேசட்டும், பேரப்பிள்ளைகள் எழுதட்டும்.

புறப்படும்போது பெரியவர் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "எம் பேரைப் போடுவீங்களா தம்பி?"

"உங்க பேரு, எழுதின பேத்தி பேரு ரெண்டையும் போடுவோம் ஐயா" என்றேன். ஷாப்பில் அவர் பதனிட்ட தோல் எந்தெந்த நாட்டுக் காலில் செருப்பாக நடந்ததோ! அதில் எங்கேயும் அவர் பெயர் இல்லை.

அன்றிரவு முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்தேன். கட்டை விரலால் முடியைத் தள்ளிப் பார்க்கும் பக்குவம். கீழே மூன்று வரிகள்: சொன்னவர், எழுதியவர், சரிபார்த்தவர். முதல் இரண்டும் நிரம்பிவிட்டன. மூன்றாவதை வெறுமையாக விட்டிருக்கிறேன். எனக்குத் தோல் வேலை தெரியாது. நான் அதில் கையெழுத்திடக் கூடாது. வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ சுண்ணாம்புக் குழியருகே நின்ற ஒருவர் வந்து, 'சரிதான்' என்றோ, 'எங்க ஷாப்புல வேற மாதிரி' என்றோ சொல்ல வேண்டும். அந்த வரி அவருக்காகக் காத்திருக்கிறது.