பர்ஸுக்கு ஒரு மூக்கணாங்கயிறு

பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்த அநுபவம் உங்களுக்கு உண்டா? இல்லை என்றால் நீங்கள் பாக்கியசாலி. இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போய்விடலாம். உண்டு என்றால் சற்று அருகில் வந்து உட்காருங்கள். நான் உங்கள் கட்சி.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் அந்தச் சமயத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை. ஜனங்களே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் குழந்தை, கக்கத்தில் பர்ஸ். இந்த அலங்காரத்தோடு பஸ் ஏறினேன். ஏறியது பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ். ஆகையால் பர்ஸைத் திறக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. வீட்டு வாசலில் சாவியைத் தேடியபோதுதான் கக்கம் காலி என்று தெரிந்தது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். அதில் பாதிக்கு மேல் நானாகச் சேர்த்த சிறுவாட்டுப் பணம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சேர்த்ததை, தொலைத்த பிறகு எல்லாருக்கும் சொல்லும்படி ஆயிற்று!

"எவ்வளவு இருந்தது?" என்றார் என் கணவர். "கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கக் கூடாதோ?" என்றார் மாமியார். "எந்த பஸ்? எத்தனை மணிக்கு?" என்று மைத்துனன் துப்பறியத் தொடங்கிவிட்டான். ஊரிலிருந்து டெலிபோனில் பேசிய என் பாட்டி மட்டும் வேறு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி, அதை எங்கே சொருகியிருந்தே?"

எங்கே சொருகுவது? அன்று இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கணவரின் கால்சட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பை, பின்னால் ஒன்று, சட்டையில் ஒன்று, ஆக நாலு. என் புடவை ஆறு கஜம். அதில் ஒரு பைகூடக் கிடையாது. ரவிக்கையிலும் கிடையாது, பாவாடையிலும் கிடையாது. நாலு பை உள்ளவர் ஒன்றைத் தொலைத்தால் அது திருட்டு; ஒரு பையும் இல்லாதவள் தொலைத்தால் அது கவனக்குறைவு! இது என்ன நியாயம், சொல்லுங்கள்?

பாட்டி காலத்தில் இந்தத் தொல்லை இல்லை என்பதற்கில்லை. அப்போதும் திருடன் இருந்தான். அவனுக்கு நம் தமிழில் என்ன பெயர் பாருங்கள்: முடிச்சவிழ்க்கி. காசை வேஷ்டி மடியிலோ முந்தானை முனையிலோ முடிந்துகொண்டு போவார்கள். அந்த முடிச்சை அவிழ்ப்பவன் அவன். சட்டையும் ஜேபும் வந்த பிறகுதான் ஜேப்படித் திருடன் வந்தான். இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே பழைய நாளில் பணப்பையை இடுப்புக் கச்சையில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்வார்கள். திருடனுக்கு 'பை அறுப்பவன்' என்றே பெயர். பணத்தை உடுப்போடு எப்படிப் பிணைத்தார்களோ, திருடனும் அதற்குத் தகுந்த வித்தையைக் கற்றுக்கொண்டான்.

அந்த ஊர்ப் பெண்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இதற்கு ஒரு நல்ல யுக்தி செய்தார்கள். பை பாவாடையோடு சேர்த்துத் தைத்ததல்ல, தனி. இரண்டு பைகளை ஒரு நாடாவில் கோத்து இடுப்பில் கட்டி, அதன் மேல் பாவாடை உடுத்துவார்கள். பாவாடையின் பக்கவாட்டில் ஒரு திறப்பு. அதன் வழியாகக் கையை விட்டால் பை. சாவி, கத்தரிக்கோல், காசு எல்லாம் அதற்குள்ளே. 1790-களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன் நாகரிகமாக வந்தது. அதன் உள்ளே பை கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். ஆகவே இடுப்பில் இருந்த பை, சின்னக் கைப்பையாகிக் கைக்கு வந்தது. அன்றைக்குப் பிடித்த சனியன் இன்னும் நம்மை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியர் கதை இன்னும் ருசியானது. கிமோனோவிலும் நம் புடவையைப் போலவே பை கிடையாது. 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், அங்குள்ள ஆண்கள் பணப்பையையும் புகையிலைப் பையையும் ஒரு கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை இடுப்புக் கச்சைக்குப் பின்புறமாக மேலே இழுத்துவிடுவார்கள். மேல் நுனியில் நெல்லிக்காய் அளவில் ஒரு குமிழ். அது கச்சையின் விளிம்பில் தடுக்கி நிற்கும். பை கீழே விழாது. அந்தக் குமிழுக்கு நெட்சுகே என்று பெயர். தந்தத்திலும் மரத்திலும் எலி, ஆமை, தூங்கும் கிழவர் என்று அற்புதமாகச் செதுக்குவார்கள். மேல்நாட்டு உடையும் ஜேபும் வந்ததும் அதன் வேலை போயிற்று. இப்போது அவை மியூஸியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

நமக்கு மிஞ்சியது ஊக்கு. நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் 1849-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி அதற்குப் பேடண்ட் வாங்கினார். 15 டாலர் கடனை அடைப்பதற்காக அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். உலகத்துப் பெண்களின் மானத்தைக் காக்கும் சாதனத்துக்கு இவ்வளவுதான் கூலி!

பர்ஸைப் பறிகொடுத்த பிறகு நானும் ஊக்கைத்தான் நம்பினேன். புது பர்ஸில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஊக்கு, ஊக்கைப் புடவைக் கொசுவத்தில் குத்திக்கொண்டேன். ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் காய்கறிக் கடையில் பர்ஸ் எதிலோ மாட்டிக்கொள்ள, நான் திரும்ப, கொசுவம் மொத்தமும் கையோடு வந்துவிட்டது. பட்டுப் புடவையானால் கேட்கவே வேண்டாம். இழை பிரிந்து கிழிந்திருக்கும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். அரை அங்குல அகலத்தில் பருத்தி நாடா ஒன்றரைச் சாண் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியைப் பர்ஸின் உள் தையலோடு சேர்த்து அழுத்தமாகத் தைத்துவிடுங்கள். ஜிப்பின் நாக்கில் கட்ட வேண்டாம். அது திருடனுக்கு ஜிப்பைத் திறந்து கொடுப்பதற்குச் சமானம். மறு நுனியில் பெரிய அளவுப் பிரஸ் பட்டன் இரண்டு. அவற்றின் ஜோடியைப் பாவாடையின் இடுப்புப் பட்டியில், உங்களுக்குக் கை எட்டும் பக்கமாகத் தையுங்கள். பாவாடை தடிப்பான துணி. எத்தனை இழுத்தாலும் தாங்கும். புடவையைச் சொருகும்போது நாடா மறைந்துவிடும். பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டாலும் சரி, கையில் பிடித்துக்கொண்டாலும் சரி, காசு எடுக்க நாடாவைக் கழற்ற வேண்டியதில்லை. கை மறந்தாலும் பர்ஸ் கூடவே வரும். சல்வார் உடுத்துகிறவர்கள் தையற்காரரிடம் பக்கத் தையலில் ஓர் உள்பை வைக்கச் சொல்லி, அதற்குள் அந்தப் பட்டனை வைத்துக்கொள்ளலாம்.

கொக்கியோ சங்கிலியோ போடாமல் பிரஸ் பட்டன் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கூட்டத்தில் பர்ஸை எடுப்பவன் பூப் போல எடுப்பான். அந்த இழுப்புக்குப் பட்டன் விடாது. நாடா இறுகியதும் உங்கள் இடுப்புக்குத் தெரிந்துவிடும். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவன் அப்படி அல்ல, வெடுக்கென்று இழுப்பான். அப்போது பர்ஸ் போகட்டும் என்று பட்டன் விட்டுவிட வேண்டும். கொக்கி விடாது. பர்ஸோடு நம்மையும் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகும். பை வாரைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் சுற்றிக்கொள்வதும் இதே ஆபத்துத்தான். தைத்து முடித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தரம் பலமாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டன் விட்டால் சரி. நீங்கள் தடுமாறினால் ஒரு பட்டனைக் குறைத்துவிடுங்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பாட்டியிடம் இந்த ஏற்பாட்டைப் பெருமையாகக் காட்டினேன். பட்டனை இரண்டு தரம் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள். "நன்னாத்தான் இருக்கு" என்றாள். அவள் இடுப்பில் வழக்கம் போல் சுருக்குப் பை. கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு அதே கயிற்றைப் பையின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றிப் புடவை மடிப்புக்குள் செருகிவிடுவாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, பீரோ சாவி, எண்ணி வைத்த நோட்டு. தூங்கும்போதுகூட அதைக் கழற்றியதை நான் பார்த்ததில்லை. எண்பத்திரண்டு வயதில் இதுவரை ஒரு காசு தொலைத்ததில்லையாம்.

இப்போது செல்போனையும் அதற்குள்ளேயே போட்டுக்கொள்கிறாள். நாம் கூப்பிட்டால் இடுப்பில் மணி அடிக்கும். மடிப்பிலிருந்து பையை எடுத்து, நாலு சுற்றையும் பிரித்து, வாயைத் திறந்து, வெற்றிலையை விலக்கிப் போனை எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் பாட்டி கிடைப்பாள்.

"பத்திரமா இருக்கோல்லியோ? அப்புறம் என்ன அவசரம் உனக்கு?" என்பாள்.