அம்மாவுக்கு விசா கிடைக்குமா?

கர்ப்ப கால மனச்சோர்வு என்று பேச்செடுத்தாலே ஹார்மோனில் தொடங்கி கவுன்சலிங்கில் முடித்துவிடுகிறோம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த ஓர் ஆய்வு வேறு இடத்தைத் தொட்டுக் காட்டுகிறது. 1999 முதல் 2004 வரை அந்நகர மருத்துவமனைகளுக்குப் பரிசோதனைக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம், ஆறாம் மாதத்தையொட்டி, மனநிலை பற்றி 20 கேள்விகள் கேட்டார்கள். கனடாவிலேயே பிறந்த பெண்களில் 22.8 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன; குடியேறிய பெண்களில் 32 சதவீதம் பேரிடம். தெற்காசியா, கரீபியன், வட ஆப்பிரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களிடம் விகிதம் மிக அதிகம். இவை அறிகுறிகள்தாம், மருத்துவர் உறுதிசெய்த நோயல்ல. தூக்கம் கெடுவதும் சோறு இறங்காததும் கர்ப்பத்தில் சகஜம். அவற்றுக்கும் வினாத்தாள் மதிப்பெண் போட்டுவிடும். ஆனால் அந்தக் குறை இரு தரப்புக்கும் பொது. இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

அடிப்படைத் தேவைக்குக் காசு இருக்கிறதா, ஆத்திர அவசரத்துக்கு ஆள் இருக்கிறதா என்ற இரண்டையும் கணக்கில் சேர்த்ததும் இடைவெளி குறைந்தது. பண்பாட்டு அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கும் ஆய்வில் பதில் உண்டு: வந்து எத்தனை ஆண்டானாலும் குடியேறியவர்களின் விகிதம் கூடுதலாகவே இருந்தது. ஊரிலிருந்தே சுமந்து வந்த சோர்வு என்றும் எளிதில் தள்ள முடியாது. வயது, படிப்பு, மொழி, மருத்துவப் பரிசோதனை என்று சலித்துத்தான் திறன் அடிப்படையில் வருவோரை கனடா சேர்த்துக்கொள்கிறது.

சோர்ந்திருப்பவளுக்கு இருக்கும் துணையும் கண்ணில் படாது, ஆகவே எது காரணம் எது விளைவு என்று சொல்ல முடியாது என்பார்கள். ஒரே ஒரு முறை கேட்ட கேள்விகளை வைத்து அதை முற்றாக மறுக்க முடியாதுதான். ஆனால் பெற்ற தாயைக் கடலுக்கு அப்பால் நிறுத்தி வைப்பது மகளின் மனநிலை அல்ல, சட்டம். 2011 இறுதியில் கனடா கொண்டுவந்த ‘சூப்பர் விசா’வில் பெற்றோர் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கலாம். அதற்கு மகளோ மகனோ குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும், நிர்ணயித்த வருமானம் காட்ட வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். மாணவியாகவோ தற்காலிக வேலையிலோ இருப்பவள், அகதி விண்ணப்பம் முடிவாகாதவள், குறைந்த கூலிக்காரி எல்லோரும் இந்தச் சல்லடையில் கழிந்துவிடுகிறார்கள். அவர்களுடைய தாய்க்கு மிஞ்சுவது சாதாரண விசிட்டர் விசா. திரும்பிப் போய்விடுவாள் என்று அதிகாரி நம்பினால்தான் அதுவும். வாயும் வயிறுமாக இருப்பவளுக்குத் தாய் வந்தால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லவில்லை. உறவுகளிடமிருந்து தப்பித்துப் போன பெண்களும் உண்டு. ஆனால் யார் துணை வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும்.

எல்லோருக்கும் வினாத்தாள் கொடுத்துக் கண்டுபிடித்தால் போதாதா? 1987இல் வெளியான, மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ பட்டியலின் 10 கேள்விகள் தமிழிலும் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்க நிபுணர் குழு 2016இல் அத்தகைய சோதனையைப் பரிந்துரைத்தது. கனடியக் குழுவோ 2022இல், அனைவருக்கும் வினாத்தாள் வைத்து மதிப்பெண் போடுவதால் கூடுதல் பலன் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று மறுத்தது. மருத்துவர் அக்கறையாக விசாரிப்பது போதும் என்றது. விசாரிக்கட்டும், முடிந்தால் அவளுடைய மொழியில். வாடகை கட்ட முடியாதவளுக்கு அந்த விசாரிப்புக்குப் பிறகு என்ன கிடைக்கும்?

வந்தவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்ற முணுமுணுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. அங்கேயே பிறந்தவர்களிலும் ஐந்தில் ஒருத்தியாவது அறிகுறி காட்டியிருக்கிறாள். காசில்லாதவர்களுக்குப் பேறுகால உதவித்தொகை என்றால் அது அவளுக்கும் சேர்த்தே வேண்டும். ஆனால் பிரசவத்தையொட்டி ஆறு மாதம் வந்து போக ஒரு தாய்க்கு அனுமதி தருவதால் அங்கே பிறந்தவளுக்குக் கிடைப்பதில் ஒரு டாலரும் குறையாது. காப்பீட்டைக் குடும்பமே கட்டப்போகிறது. சூப்பர் விசாவின் வருமான வரம்பை மட்டும் அரசு எடுத்துவிட்டு, தற்காலிக விசாவில் இருப்பவர்களையும் பெற்றோரை அழைக்கத் தகுதியுள்ளோர் பட்டியலில் சேர்க்கலாம்.