செவ்வாயின் படங்கள் யாருக்கு உரியவை?

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாய்க் கோளின் ஜெசிரோ பள்ளத்தில் தரையிறங்கியது. நான்கு நாள் கழித்து, அது இறங்கிய காட்சியை நாசா காணொளியாக வெளியிட்டது. விரிந்த வான்குடையில் செம்மஞ்சள் பட்டைகளும் வெள்ளைப் பட்டைகளும் ஒழுங்கற்றுக் கிடந்தன. அவற்றில் ஏதோ செய்தி ஒளிந்திருக்கலாம் என்று பொறியாளர் ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில் கோடிகாட்டினார். சில மணி நேரத்திற்குள் ஆர்வலர்கள் விடையைக் கண்டுபிடித்துவிட்டனர். இரு நிறங்களையும் 0, 1 என்னும் இரும எண்களாகக் கொண்டு, பத்துப் பத்தாகப் பிரித்து எழுத்தாக்கியபோது, ‘பெருஞ்செயலுக்குத் துணிக’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் வெளிப்பட்டது. வெளிவட்டத்தில் இருந்தவை ஊர்தியை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்.

அத்தனை விரைவாக விடை வந்ததற்குக் காரணம் உண்டு. செவ்வாயிலிருந்து வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, ஒட்டி, நிறம் சேர்த்துப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் உலகின் பல மூலைகளிலும் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் ஊதியம் தருவதில்லை. பகலில் வேறு வேலை, இரவில் செவ்வாய்.

இந்தப் பழக்கம் வளர வழிவிட்டது 2004ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. அவ்வாண்டு ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்னும் இரண்டு ஊர்திகள் செவ்வாயில் இறங்கின. அவை அனுப்பும் படங்களை, பூமிக்கு வந்த சிறிது நேரத்திலேயே, திருத்தாமல் இணையத்தில் ஏற்றுவதென்று திட்டக் குழுவினர் தீர்மானித்தனர். அதற்கு முன்பெல்லாம் அறிஞர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த சில படங்களே மக்களை எட்டின.

அம்முடிவு தவறானது என்று வாதிடுவோரும் உண்டு. ஒரு விண்கலத்தை வடிவமைக்க ஓர் ஆய்வாளர் தம் வாழ்வில் பத்து ஆண்டுகளைச் செலவிடுகிறார். படம் வந்தவுடன் வேறொருவர் அதை எடுத்து முதலில் கட்டுரை எழுதிவிட்டால், உழைத்தவருக்கு என்ன மிஞ்சும்? இது புறந்தள்ளக்கூடிய கேள்வி அன்று. 2014ஆம் ஆண்டில் ரொசெட்டா விண்கலம் ஒரு வால்மீனை நெருங்கியபோது, அதன் முதன்மைப் படக்கருவிக் குழுவினர் இதே காரணத்தால் பெரும்பாலான படங்களை உடனே வெளியிடவில்லை. மக்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

ஆனால், இணையத்தில் உடனடியாக ஏறும் செவ்வாய்ப் படங்கள் அளவு சுருக்கப்பட்டவை. ஒளியின் அளவைத் துல்லியமாகக் கணக்கிட அவை போதா. அளவீடு செய்யப்பட்ட முழுத் தரவுகள் சில மாதங்களுக்குப் பிறகே காப்பகத்திற்குச் செல்கின்றன. ஆகவே, ஆய்வாளரின் முன்னுரிமை பெரிதும் காக்கப்படுகிறது. மக்களுக்கும் அன்றைய படம் அன்றே கிடைக்கிறது. இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 90 நாள் உழைப்பதற்கென அனுப்பப்பட்ட ஆப்பர்சூனிட்டி, 2018ஆம் ஆண்டு வரை செயல்பட்டு 217,000க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. அவை அனைத்தையும் பொறுமையாகப் பார்க்க ஒரு சிறு குழுவுக்கு நேரம் ஏது?

ஆர்வலர்களின் வேலை எளிதன்று. அந்த இரு ஊர்திகளின் உயர்ந்த கம்பத்தில் இருந்த படக்கருவி கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளின் வழியாகத் தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான் வண்ணம் கிடைக்கும். ஒரு படத்தில் அடங்குவதோ நிலப்பரப்பின் சிறு துண்டு. முழுக்காட்சிக்குப் பல பத்துத் துண்டுகளை ஒட்ட வேண்டும். முதல் துண்டை எடுத்ததற்கும் கடைசித் துண்டை எடுத்ததற்கும் இடையே கதிரவன் நகர்ந்திருக்கும். நிழலும் இடம் மாறியிருக்கும். ஓரங்கள் பொருந்தாமல் அடம்பிடிக்கும். இப்படி ஆர்வலராக இருந்த இங்கிலாந்து நாட்டவர் டக் எலிசன், பின்னர் நாசாவின் அதே ஆய்வுக்கூடத்தில் ஊர்திப் படக்கருவிப் பொறியாளராகவே பணியாற்றினார்.

சிக்கல் நிறத்தில்தான் தொடங்குகிறது. இதில் வல்லுநர்களே தடுமாறியதுண்டு. 1976ஆம் ஆண்டு ஜூலையில் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப்படத்தில் செவ்வாயின் வானம் நீலச்சாயலோடு வெளியிடப்பட்டது. அளவீடுகளைச் சரிபார்த்த பின்னர் அது இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த வானம் என்று திருத்தப்பட்டது. காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசியே அந்த நிறத்திற்குக் காரணம். அதே தூசியினால், கதிரவன் மறையும் வேளையில் மட்டும் அதைச் சுற்றி மெய்யாகவே நீல ஒளி படர்கிறது.

இன்றும் பாறைகளை அடையாளம் காண்பதற்காக, பூமியின் ஒளியில் பார்ப்பதுபோல் படங்களின் நிறத்தை மாற்றுகிறார்கள். அவ்வாறு மாற்றும்போது வானம் நீலமாகிவிடும். அறிவியலுக்கு அது உதவும்; அதில் பொய் எதுவும் இல்லை. விளக்கக் குறிப்பு உதிர்ந்துபோய், ‘செவ்வாயில் நீல வானம்!’ என்னும் தலைப்புடன் அதே படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும்போதுதான் பொய் பிறக்கிறது. படத்தை அழகுபடுத்தியவர் அந்தப் பொறுப்பிலிருந்து முற்றிலும் நழுவிவிட முடியாது. எந்த ஊர்தி, செவ்வாயில் அதற்கு எத்தனையாவது நாள், நிறத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விவரங்கள் இரண்டு வரியில் அடங்கும். நல்ல ஆர்வலர்கள் அவற்றைத் தவறாமல் எழுதுகிறார்கள். அவற்றைப் படத்தின் கீழே தனியாக எழுதாமல், படத்தின் மூலையிலேயே பொறித்துவிடுவது இன்னும் நல்லது. அவ்வளவு எளிதில் உதிராது.

ஒரு சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகப் படங்களைப் பூட்டி வைப்பது சரியாகாது. பூட்டினால் என்ன இழப்பு என்பதற்கு நிலவிலிருந்து ஒரு சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்தியாவின் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதி நொறுங்கியது. அப்பகுதியை நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் படமெடுத்தது. நாசா அப்படத்தை எல்லாருக்கும் வெளியிட்டது. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதனை மோதலுக்கு முந்தைய படங்களுடன் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டார். புதிதாகத் தெரிந்த ஒரு வெண்புள்ளியைக் குறித்து நாசாவுக்கு எழுதினார். அவர் எந்த விண்வெளி நிறுவனத்திலும் பணியாற்றவில்லை. நாசா மீண்டும் ஆராய்ந்து, அது விக்ரமின் சிதறல்தான் என்று டிசம்பரில் உறுதிசெய்தது. அப்போது வெளியிடப்பட்ட படத்தில், அவர் கண்டெடுத்த இடம் அவருடைய பெயரின் முதலெழுத்தான ‘எஸ்’ என்னும் ஆங்கில எழுத்தால் குறிக்கப்பட்டிருந்தது.