கந்தையும் தெறியும்

சென்ற மாதம் பாடசாலையொன்றின் கைப்பணிக் கண்காட்சிக்கு நடுவர் மூவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். இலக்கணம் கற்பிப்பவனுக்கும் ஊசிக்கும் என்ன உறவென்று நண்பர்கள் நகைத்தனர். ஆயினும் அங்கே எழுந்த வழக்கு அணியிலக்கண வழக்கே என்பது என் துணிபு.

இறுதியில் இரு போர்வைகள் எஞ்சின. ஒன்றிலே பட்டுத் துண்டங்களும் வண்ணத் தெறிகளும் நெருங்கி மின்னின. மற்றையது, வங்கநாட்டுக் 'காந்தா' முறையைப் பின்பற்றி மாணவி ஒருத்தி பழஞ்சேலைகளால் தைத்தது. முதற்பரிசு தெறிகளுக்கே சென்றது. நான் மறுத்தேன், இருவர்க்கு ஒருவனாகித் தோற்றேன்.

காந்தாவின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு தீர்த்திரார். உடுத்து நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே வங்கப் பெண்கள் அவற்றைத் தைத்தனர். ஊசி ஏறியிறங்கும் எளிய ஓட்டத் தையலே அதன் உயிர். நடுவிலே தாமரை, மூலைகளிலே கொடியும் மரமும், இடையிடையே மீனும் யானையும். இவற்றை வரையும் தையலே அடுக்குகளையும் பிணிக்கின்றது. பூவைப் பிரித்தெடுத்தால் போர்வையே பிரிந்துவிடும். அணி வேறு, பொருள் வேறு என்று அங்கே கூற இயலுமா? தொல்காப்பியர் உவமையைப் பொருள் புலப்படுத்தும் நெறியாகவே கொண்டார். தண்டியாசிரியர் பொருளணிகளை 35 ஆக விரித்தபின், அணியைத் தனியே எண்ணி மகிழும் வழக்கம் நம் மாணாக்கரிடம் வளர்ந்துவிட்டது. அதில் ஆசிரியர்களாகிய எமக்கும் பங்குண்டு.

வடமொழிக் 'கந்தா'வும் நம் 'கந்தை'யும் ஓரினச் சொற்களே. எதிலிருந்து எது பிறந்தது என்னும் பூசலை வேறொரு வாரத்துக்கு ஒத்திவைக்கிறேன். நாம் இகழ்ச்சிக்கு வைத்திருக்கும் சொல், வங்கத்திலே ஒரு காவியத்தின் பெயரில் அமர்ந்துள்ளது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் காவியத்தில், கணவனைப் பிரிந்த பேதை தன் வாழ்வையே போர்வையில் தைக்கிறாள். இறந்தபின் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள்.

தெறியை நான் பழிக்கவில்லை. 1880களில் அமெரிக்க இல்லங்களிலே ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட்டுத் துண்டங்களை இணைத்து, பூந்தையலும் மணியும் தெறியும் பதித்த போர்வைகள் பெருவழக்காயிருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை வரவேற்பறையிற் காட்சிக்கே வைக்கப்பட்டன. எனவே அங்கே தெறி பொருந்திற்று. பரிசுபெற்ற போர்வையோ கைக்குழந்தைக்கென எழுதப்பட்டிருந்தது! கன்னத்தை உறுத்தும், தோய்க்கும்போது கழலும், கழன்றது குழந்தையின் வாய்க்குட் செல்லும். இவற்றை எடுத்துரைத்தபோது, "அழகையன்றோ பார்க்க வேண்டும்?" என்றார் உடனிருந்த நடுவர்.

மண்டபம் கலைந்தபின் அம்மாணவி தன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பிக் காட்டுமாறு கேட்டேன். பின்புறத்திலும் தாமரை முழுமையாகத் தெரிந்தது. எங்கள் மூவருள் எவரும் தீர்ப்புக்கு முன் அதைத் திருப்பிப் பார்த்திருக்கவில்லை.